எட்டாம் தேதி போட்ட ஃபார்ம்

ஆகஸ்ட் 2, சனி

காலை 5.50க்கு மைதானம். இருபது பேரில் பதினெட்டு பேர் வந்தார்கள். பந்துகள் 14, காற்று இறங்கியவை 3. மேற்குக் கோல் பக்கம் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

ஃபுட்பால் கோச் லைசென்ஸ் கோர்ஸில் தினமும் பதிவு எழுதச் சொன்னார்கள். மூன்று வாரமாக எழுதவில்லை. என் மனைவி ஷைனி இறந்தது ஜூலை 14. இன்றிலிருந்து மறுபடியும் எழுதுகிறேன்.

நான் வந்தால் பையன்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கேப்டன் ஆன்றோ மட்டும் பக்கத்தில் வந்தான்.

"சார், சாப்பிட்டியளா?"

"ம்."

"என்ன சாப்பிட்டிய?"

"நாலு ரவுண்டு ஓடிட்டு வா, சொல்லுதேன்."

ஓடிவிட்டு வந்தான். மறுபடி கேட்கவில்லை. நல்லது. நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

முப்பது மீட்டர் ஓட்டம், எல்லோருக்கும். வேகமானவன் ஜெனிஷ், 4.28 நொடி. போன வருடம் 4.41.

ஜெனிஷ் லெஃப்ட் பேக். பி.காம். மூன்றாம் ஆண்டு. கடற்கரைப் பையன், அப்பா விசைப்படகில் போகிறார். இந்த வருடம்தான் அவனுக்குக் கடைசி. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடினால்தான் பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள். பல்கலைக்கழக அணிச் சான்றிதழ் இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம். இரண்டு வருடமும் மாற்று வீரனாகவே உட்கார்ந்திருந்தான். இந்த வருடமும் சான்றிதழ் இல்லையென்றால், கிறிஸ்துமஸ் முடிந்ததும் மாமாவின் படகில் கொச்சிக்குப் போக வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள்.

பதினொரு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிறவர்களைப் பந்து பார்த்துக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவர்களைத்தான் கோச் பார்க்க வேண்டும். இதை நான் ஒரு காலத்தில் நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அது சரிதான் என்று தெரிகிறது. ஆனால் வேறு யாரோ சொன்னது போல இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை. பயிற்சி இல்லை. துணி துவைத்தேன். காயவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கார்னர் கிக் பயிற்சி. கோல்கீப்பர் விஜின் இரண்டு கிலோ கூடியிருக்கிறான்.

"லேய், நீ பாயவே செய்யாண்டாம்," என்றான் ஆன்றோ. "சும்மா நடுவுல நில்லு. பந்துக்குப் போறதுக்கு எடம் இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். சிரிக்கலாம் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விசில் அடித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பல்கலைக்கழக விளையாட்டு வாரியம் போட்டிக்கான வீரர் பட்டியலை வெளியிட்டது. எங்கள் கல்லூரிக்குப் பத்தொன்பது பெயர்கள். ஒரு படிவத்தில் இருபத்திரண்டு பேர் வரை போடலாம். எங்களிடம் இருப்பது இருபது பேர்.

ஜெனிஷ் பெயர் இல்லை.

நான் படித்தது மெக்கானிக்கல். பம்ப் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகுதான் கோச்சிங் பக்கம் வந்தேன். பழுது எங்கே என்று தேடுவது பழகிய வேலை. நான்கு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் வருகைப் பட்டியலில், மைதானத்துக்கு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறைவாக வந்தவர்களின் வரிசையை மறைக்கும்படி ஒரு ஃபில்டர் போட்டிருந்தேன். ஜூனில் அப்பாவுக்குக் கை முறிந்ததால் ஜெனிஷ் பதினாறு நாள் அவருக்குப் பதிலாகக் கடலுக்குப் போனான். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனான். அவன் வருகை எழுபத்தொரு சதவீதம். அவன் வரிசை மறைந்துவிட்டது. ஃபில்டரை எடுக்காமல் அப்படியே காப்பி செய்து படிவத்தில் ஒட்டியிருக்கிறேன். பெயர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

உடற்கல்வி இயக்குநர் தாணுலிங்கம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதுக்குப் போயி இப்பிடி நிக்கியே. நீ அப்ப எந்த நெலைல இருந்த? ஆஸ்பத்திரியும் வீடுமால்லா கெடந்த. எவன் கொற சொல்லுவான்?"

அலமாரியைத் திறந்தேன்.

படிவத்தின் அலுவலக நகலை எடுத்துப் பார்த்தேன். பிரின்சிபால் கையெழுத்துக்குக் கீழே தேதி ஜூலை 8. ஷைனியை ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஜூலை 11.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பயிற்சி முடிந்ததும் ஜெனிஷை நிறுத்திச் சொன்னேன். ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் கையை எடுக்காமல் அப்படியே இருந்தான்.

"இனி சேக்க முடியாதா சார்?"

"மனு குடுக்கலாம். வாரியம் சரின்னு சொல்லணும்."

லேசை அவிழ்த்து முடித்தான்.

"அக்காவுக்கு அவ்வளவு சொகமில்லாம இருக்கும்போ நீங்க ஃபார்ம் போட்டதே பெருசு சார். வேற யாராவதுன்னா டீமையே அனுப்பியிருக்க மாட்டாங்க."

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனான்.

ஆகஸ்ட் 13, புதன்

மனுவைத் தாணுலிங்கம் சாரே எழுதிவிட்டார். "பயிற்சியாளரின் மனைவி கடும் காய்ச்சலால் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த நேரத்தில், அவருடன் இருந்துகொண்டே படிவம் தயாரிக்க நேர்ந்ததால், ஒரு வீரரின் பெயர் தவறுதலாக விடுபட்டுள்ளது."

"கையெழுத்துப் போடு."

போட்டேன்.

மதியம் வாரியச் செயலரிடமிருந்து போன். சண்முகவடிவு மேடம். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். படிவத்தில் தேதி ஜூலை 8 என்று இருக்கிறது, அந்தத் தேதிக்கு மருத்துவமனைச் சீட்டு உண்டா? இருந்தால் 21ஆம் தேதி எடுத்துக்கொண்டு வாருங்கள், பையனும் வரட்டும் என்றார்.

"எட்டாந்தேதிக்கு ஒரு துண்டுச் சீட்டு போதும்," என்றார் தாணுலிங்கம் சார். "ஓ.பி. சீட்டு."

"அன்னைக்கு அவ ஆஸ்பத்திரிக்குப் போவல சார். வீட்டுலதான் இருந்தா."

"போனான்னு வையி. அங்க நமக்கு ஆளு உண்டு. பயலுக்க வாழ்க்கைல்லா."

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். பையில் போட்டுக்கொண்டேன், கரைந்து சட்டையில் ஒட்டிவிட்டது.

எட்டாம் தேதி என்ன நடந்தது என்று வரிசையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பந்துகளுக்குக் காற்று அடித்தேன். எல்லாம் 0.8 பார்.

ஆகஸ்ட் 16, சனி

ஜெனிஷின் அம்மா போன் செய்தார். இதுவரை பேசியதில்லை.

"சாரு வெசனப்படாண்டாம். அவன் ஒண்ணும் மனசுல வைக்கல. நீங்க பெண்டாட்டி சாகக் கெடந்தப்பவும் எம்பிள்ளைகளுக்க வேலையத்தான பாத்திய. ராத்திரி செபத்துல உங்க வீட்டுக்காரி பேரையும் சேத்துத்தான் சொல்லுகேன்."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போன் 1 நிமிடம் 50 நொடி.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி. தாணுலிங்கம் சார் சொன்ன ஆள் ரெக்கார்ட்ஸ் அறையில் இருக்கும் ஒரு சிஸ்டர். அவரிடம் எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். எட்டாம் தேதி போட்டு ஒரு சீட்டு வேண்டும் என்று ஒருவழியாகச் சொன்னேன். சிஸ்டர் ஷைனியின் அட்டை எண்ணைத் தட்டினார்.

"எட்டாந்தேதி இருக்கே சார்."

"இல்ல சிஸ்டர். பதினொண்ணுதான் அட்மிஷன்."

"அட்மிஷன் பதினொண்ணு. எட்டாந்தேதி ஓ.பி. சாயங்காலம் அஞ்சு பத்துக்கு வந்திருக்காவ. காய்ச்சல் நூத்தி ரெண்டு பாயிண்ட் நாலு. பிளேட்லெட் ஒரு லெச்சத்திப் பன்னெண்டாயிரம். நாளைக்கே திரும்ப டெஸ்ட் எடுக்கணும், கூட ஒரு ஆளோட வரணும்னு டாக்டர் எழுதியிருக்காரு." திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "ஒம்பதாந்தேதி வரல. நீங்க வாங்கின சீட்டுதானே சார்? தொலஞ்சு போச்சா?"

ஆமாம் என்றேன். பிரிண்ட் எடுத்து சீல் வைத்துக் கொடுத்தார்.

வெளியே ஆட்டோ ஸ்டாண்ட் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாடி பிடித்துப் பார்த்தேன். 61. உட்கார்ந்திருக்கும்போது எப்போதும் இருப்பதுதான்.

எழுதிவிடுகிறேன். ஜூலை 8, செவ்வாய். நாலேகாலுக்கு ஷைனி போன் செய்தாள். "மூணு நாளாச்சு, காய்ச்சல் விடல. ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்திருலாமா? நீங்க வாறியளா?" ஃபார்ம் இன்றைக்கே பிரின்சிபாலிடம் போக வேண்டும், முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள். தெரியாது என்றேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னேன். பிரின்சிபால் 6.40க்குக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மறுநாள் டிரையல் மேட்சுக்குக் கோடு போட ஆள் வந்ததா என்று பார்த்தேன். வீட்டுக்குப் போகும்போது 7.30. அவள் கட்டிலில் படுத்திருந்தாள். "கொறஞ்ச மாதிரிதான் இருக்கு. சோறு அடுப்புல இருக்கு, போட்டுக்கிடுங்க" என்றாள். போட்டுச் சாப்பிட்டேன்.

அதற்குள் அவள் பஸ்ஸில் தனியாகப் போய், ரத்தம் கொடுத்து, தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள். சொல்லவில்லை. ஒன்பதாம் தேதி டிரையல் மேட்ச் என்று அவளுக்குத் தெரியும்.

பத்தாம் தேதியும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவளுக்கு உடம்பு சரியில்லாததால் ஃபார்மில் தப்பு வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சீட்டைப் பார்த்ததும் தாணுலிங்கம் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியா. நெசமான சீட்டே இருக்கு. நான் வேற ஆளுக்கிட்ட சொல்லி வச்சேன். இனி ஒரு பயம் இல்ல."

"நான் கூடப் போவல சார்."

"என்னது?"

"அன்னைக்கு அவகூட நான் போவல. தனியாத்தான் போயிருக்கா. எனக்கே நேத்துதான் தெரியும். நான் இங்க, இந்த ரூம்ல, ஃபார்ம் போட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் சீட்டை மேசையில் வைத்தார். பிறகு எடுத்து ஃபைலுக்குள் வைத்தார். வெளியே யாரோ கூடைப்பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரெஜின், நான் சொல்லுகத கேளு. அத அங்க போயி சொல்லாண்டாம். மனுவுல கூட இருந்தேன்னு எழுதியாச்சி. இப்ப இல்லன்னு சொன்னா, பொய் மனுன்னு சொல்லித் தூக்கிப் போட்டுருவா அந்த அம்மா. அவ கேட்டா தலைய ஆட்டு. அவ்வளவுதான். உனக்கு ஒண்ணும் இல்ல. பயலுக்குத்தான் போவும்."

மாலையில் ஜெனிஷ் 4.22 ஓடினான்.

"கெடைக்குமா சார்?"

"தெரியாது."

"நேத்து அப்பா மாமாட்ட போன்ல பேசிட்டு இருந்தாரு. படகுல ஆளு வேணுமாம். இப்பமே கேக்காங்க."

ஆகஸ்ட் 20, புதன்

வந்தவர்கள் 20. விஜின் ஒரு கிலோ குறைந்திருக்கிறான். ஆன்றோ அதற்கும் ஏதோ சொன்னான், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை 7.10 பஸ். ஜெனிஷ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். ஆரல்வாய்மொழி தாண்டும்வரை காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம். பாதி நின்றுகொண்டிருந்தன.

வாரிய அலுவலகத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். சண்முகவடிவு மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். மனுவை இரண்டு தடவை படித்தார். ஓ.பி. சீட்டை வெளிச்சத்தில் பிடித்து சீலைப் பார்த்தார். ஜெனிஷிடம் பெயர், வருடம், அரியர் உண்டா என்று கேட்டார்.

"இல்ல மேடம். எல்லாம் கிளியர்."

பிறகு என்னிடம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாக் காலேஜும் ஏதாவது காரணம் சொல்லிக்கிட்டு வராங்க, அதனாலதான் கேக்கேன். அன்னைக்கு சாயங்காலம் நீங்க வைஃப் கூட ஹாஸ்பிட்டல்ல இருந்தீங்க. அங்க இருந்துட்டே ஃபார்ம் ரெடி பண்ணியிருக்கீங்க. அப்பிடித்தானே?"

ஜெனிஷ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தான், மேட்சுக்கு முன்னால் வரிசையில் நிற்பது போல.

தலையை ஆட்டினேன்.

அவர் மனுவின் ஓரத்தில் எழுதினார். எழுதியதைத் திருப்பி என் பக்கம் வைத்தார், கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். "8.7 மாலை பயிற்சியாளர் மனைவியுடன் மருத்துவமனையில் இருந்தார். விசாரித்து உறுதி செய்யப்பட்டது. பெயர் சேர்க்கலாம்."

கையெழுத்துப் போட்டேன். இனி அந்த ஃபைலைத் திறக்கும் யாருக்கும் நான் அன்று மாலை அவளோடுதான் இருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜெனிஷ் ஜன்னல் சீட். முகமெல்லாம் சிரிப்பு. அம்மாவுக்கு போன் செய்தான், ஆன்றோவுக்கு போன் செய்தான். பிறகு போனைப் பையில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"அக்காதான் சார் வாங்கித் தந்திருக்காங்க. போன பெறகும் நமக்குச் செய்யுதாங்க."

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நாலேகால் போனிலிருந்து 7.30 வரை சொன்னேன். அவன் வரிசை எப்படி மறைந்தது என்பதையும் சொன்னேன். அவன் சிரிப்பு உடனே போகவில்லை, முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

"அப்போ அக்கா தனியாவா போனாங்க?"

"ஆமா."

"நீங்க ஃபார்ம் போட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"என் பேரு இல்லாத ஃபார்முக்காவா சார்?"

ஆமாம் என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நாகர்கோவிலில் இறங்கும்போது "வாறேன் சார்" என்று கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வந்தவர்கள் 19. ஜெனிஷ் வரவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

வந்தவர்கள் 19.

ஆன்றோ கேட்டான். "பேரு சேந்தாச்சுன்னு கத்துகத்துன்னு கத்துனான். இப்ப போன எடுக்க மாட்டேங்கான். என்ன சார் ஆச்சு?"

"நான்தான் காரணம்" என்றேன். அவன் நான் ஏதோ திட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். "சாரு ஏசுனா இவனுக்கு என்ன, சில்லறையா கொறஞ்சு போவும்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஐந்தே முக்காலுக்கு நான் போகும்போது ஜெனிஷ் மைதானத்தில் இருந்தான். தனியாகக் கோன்களை வைத்துக்கொண்டிருந்தான். நான் வைக்கும் இடைவெளியில்தான் வைத்தான்.

"கொச்சிக்குப் போயிரலாம்னு பாத்தேன் சார்," என்றான், என்னைப் பார்க்காமல். "அந்த சீட்ட வச்சு ஆடணுமான்னு இருந்துச்சு. பெறகு யோசிச்சேன். நான் போயிட்டேன்னா அக்கா போனதும் சும்மா, நீங்க தலையாட்டுனதும் சும்மா."

"ம்."

"அம்மை உங்களப் பாக்க வரணும்னு நிக்கா. மேட்ச் அன்னைக்கு வருவா. அக்காவுக்க பேருல பூசைக்குக் குடுத்துருக்கா. நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லல." கடைசிக் கோனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "நான் சொல்ல மாட்டேன் சார். நீங்கதான் சொல்லணும்."

முப்பது மீட்டர், 4.35. மூன்று நாள் ஓடாமல் இருந்திருக்கிறான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளை முதல் ஆட்டம். எங்கள் மைதானத்திலேயே. தண்ணீர் தேங்கிய இடத்தில் இரண்டு லோடு மணல். வலை கட்டினோம். முதல் பதினொரு பேரின் பெயரைப் பலகையில் எழுதினேன். லெஃப்ட் பேக், ஜெனிஷ். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

1-0 வெற்றி. 63ஆவது நிமிடம், கார்னரிலிருந்து ஆன்றோ.

ஜெனிஷ் முழு ஆட்டமும் ஆடினான். இடது பக்கம் இரண்டே தடவைதான் தாண்டினார்கள். 81ஆவது நிமிடத்தில் கோட்டில் நின்று ஒன்றைத் தலையால் வெளியேற்றினான். ஆட்டம் முழுவதும் பெஞ்ச் பக்கம் பார்க்கவில்லை. நான் கத்தியதை மட்டும் கேட்டான், கேட்டபடி செய்தான். ஒரு கோச்சுக்கு அது போதும். தேர்வுக்குழுவில் இருந்த ஒருவர் முடிந்ததும் என்னிடம் வந்து, உங்கள் மூன்றாம் நம்பர் எந்த வருடம் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

பையன்கள் ஆன்றோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விஜினையும் தூக்க முயன்றார்கள், முடியவில்லை. நான் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜெனிஷின் அம்மா கோட்டுக்கு வெளியே நின்றார். கறுத்து மெலிந்த பெண், தலையில் முக்காடு, கையில் சிறிய தூக்குவாளி. மீன் குழம்பு என்று தெரிந்தது. ஜெனிஷ் ஜெர்சியோடு இருபதடி தள்ளி நின்றுகொண்டான். பக்கத்தில் வரவில்லை, போகவும் இல்லை.

"சாரே," என்றார். கை என் கையைப் பிடித்துக்கொண்டது, ஈரமாக இருந்தது. "எனக்குப் பேசத் தெரியாது. ஆசுபத்திரியில அவளுக்க பக்கத்துல இருந்துக்கிட்டே எம்பிள்ளைக்கு நீங்க..."

பெஞ்ச் காலியாக இருந்தது. தண்ணீர் பாட்டில்களைத் தள்ளி வைத்தேன்.

"ஒக்காருங்கம்மா" என்றேன். "நான் பக்கத்துல இல்ல. அத உங்ககிட்ட சொல்லணும்."

அவர் உட்கார்ந்தார். நாலேகால் மணியிலிருந்து தொடங்கினேன்.